‘அவர்’ என்பது ‘நீர்’ ஆகும் இடம்

கேள்வி இதுதான்: “பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு எல்லாவற்றிலும் இருந்திருக்கிறேன். ஒரு வசனத்தைப் பாதி சொன்னால் மீதியை நான் முடித்துவிடுவேன். ஆனால் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. இது என் விசுவாசமா, அப்பா அம்மாவுடைய விசுவாசமா என்றே தெரியவில்லை. போதகரிடம் கேட்டால் இன்னும் ஜெபி என்கிறார். இதை எப்படி என்னுடையதாக்குவது?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படிக் கேட்பதே பின்வாங்குவதற்கு அடையாளம் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பின்வாங்கிப்போகிறவருக்கு இந்தக் கேள்வி ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்கு இது வலிக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன், இப்போது பல வருடங்களாக வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன், இதே கேள்வி வெவ்வேறு வார்த்தைகளில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் நன்றாகப் பாடுகிற, நன்றாக ஜெபிக்கிற பிள்ளைகளிடமிருந்துதான்.

எனக்கு இது உறைத்தது ஒரு படுக்கையோரத்தில். சபையில் வயதான ஒரு அம்மா, உடம்பு மோசமாகிவிட்டது, நாலைந்து பேராகப் பார்க்கப் போயிருந்தோம். “நீங்க ஜெபிங்க தம்பி” என்றார்கள். கண்ணை மூடி ஆரம்பித்தேன். கோர்வையாக வந்தது. ஸ்தோத்திரம், அப்புறம் ஒரு வாக்குத்தத்தம், அப்புறம் சுகத்துக்கான விண்ணப்பம், நடுநடுவே பொருத்தமான வசனம். பாதியில் திடீரென்று கவனித்தேன், மறுநாள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய அறிக்கையில் ஒரு எண்ணை விட்டுவிட்டோமே என்று என் மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வாய் நிற்கவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆமென் சொன்னதும் ஒருவர் என் தோளைத் தட்டி “நல்லா ஜெபிச்சீங்க” என்றார். அந்த அம்மாவின் பெயரை ஜெபத்தில் சொன்னேனா என்று எனக்கே நினைவில்லை. எல்லாரும் எழுந்தபோது அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “ராத்திரியிலதான் பயமா இருக்கு தம்பி” என்றார். நான் ஜெபித்த அந்த நீண்ட ஜெபத்தில் இராத்திரியும் இல்லை, பயமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷியிடம் என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அது இருந்திருக்கும்.

பழகிப்போன விசுவாசம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். வாய்க்கு வழி தெரியும், அந்த வழியில் ஆள் நடப்பதில்லை.

சரி, அதற்காகப் பழகியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமா? நிறையப் பேர் இங்கேதான் தவறான பக்கம் திரும்புகிறார்கள். சபையை மாற்றுகிறார்கள், பாட்டை மாற்றுகிறார்கள், இன்னும் சத்தமான கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள், ஆறு மாதம் புதுமை இருக்கிறது, அப்புறம் அதுவும் பழகிப்போகிறது. பழக்கம் எதிரி இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய ஆதாரம் சிலுவை. இயேசு அங்கே கதறினது சொந்தமாக யோசித்த வாக்கியம் இல்லை. “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. “உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்பது 31-ஆம் சங்கீதம். மூச்சு முட்டுகிற நேரத்தில் அவர் வாயில் வந்தவை முன்னோர்கள் பாடிப் பாடிக் கொடுத்துவிட்டுப் போன வார்த்தைகள். இயேசுவின் தாய் மரியாளின் பாட்டை எடுத்து, 1 சாமுவேல் 2-இல் இருக்கிற அன்னாளின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், அதே எதிரொலி. ஆகவே ஒரு வார்த்தை பரம்பரையாக வந்தது என்பதாலேயே அது அந்நியமாகிவிடாது. உங்களிடம் இருக்கிற வசனங்களும் பாட்டுகளும் குறையே இல்லை. அவற்றுக்குள் உங்கள் வாழ்க்கை இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

சாமுவேலைப் பாருங்கள். தாயின் நேர்ச்சையில் பிறந்த பிள்ளை, பால் மறந்ததும் சீலோவிலே ஆலயத்தில் விடப்பட்டவன், விளக்கு எரிகிற இடத்தில் தூங்குகிறவன். உங்களையும் என்னையும்விடச் சபைக்கு நெருக்கமாக வளர்ந்தவன். அவனைப் பற்றி வேதம் கூசாமல் எழுதுகிறது: சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் (1 சாமுவேல் 3:7). ஆலயத்துக்குள்ளேயே படுத்திருக்கிறான், அறியாதிருக்கிறான். கர்த்தர் கூப்பிடுகிறார், இவன் எழுந்து ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடுகிறான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஏன்? கடவுள் சம்பந்தப்பட்ட எதுவும் அதுவரை அவனுக்கு ஏலி வழியாகத்தான் வந்திருக்கிறது, அதனால் கடவுளின் குரலே அவன் காதில் கிழவரின் குரலாக விழுகிறது. நம் கதையும் அதுதான். வசனம் கேட்டால் அப்பாவின் குரல், ஜெபம் என்றால் அம்மாவின் குரல், பாவம் என்றால் போதகரின் குரல். அதில் தப்பில்லை, குரல் அப்படித்தான் முதலில் வரும். ஏலியிடம் எனக்குப் பிடித்தது, அவர் அவனை உட்கார வைத்து நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை. போய்ப் படு, கூப்பிட்டால் ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சொல் என ஒரே ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வாக்கியம் ஏலியுடையது. படுக்கைக்குத் திரும்பிப் போய் இருட்டில் அதைச் சொன்னவன் சாமுவேல். அப்புறம் அவனுக்குக் கிடைத்த முதல் செய்தியே ஏலியின் வீட்டுக்கு விரோதமான செய்தி, விடியும்வரை அதை வைத்துக்கொண்டு படுத்திருந்தான், சொல்லப் பயந்தான் என்பதையும் கவனியுங்கள். சொந்தமாகக் கேட்க ஆரம்பித்தால் இனிப்பானது மட்டுமே வரும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

இன்னும் நெருக்கமான கதை யாக்கோபுடையது. இதில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுவதும் அதில் இருக்கிறது.

கண் மங்கிய தகப்பன் ஈசாக்கிடம் அண்ணன் ஏசாவைப்போல வேஷம் போட்டுக்கொண்டு யாக்கோபு போகிறான். வேட்டை இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று ஈசாக்கு கேட்கும்போது அவன் சொல்கிற பதில்: “உம்முடைய தேவனாகிய கர்த்தர் எனக்கு நேரிடப்பண்ணினார்.” உம்முடைய தேவன். தகப்பனுடைய கடவுளின் பெயரைப் பொய்க்கு மெருகு போட உபயோகிக்கிறான். வீட்டில் புழங்குகிற பெயர்தானே, எங்கே சொன்னால் எடுபடும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு ஓடுகிறான், பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான், சொப்பனம் காண்கிறான். அங்கே கர்த்தரும் தம்மை ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன் என்றே அறிமுகப்படுத்துகிறார், பட்டியலில் யாக்கோபின் பெயர் இன்னும் இல்லை. இவன் பொருத்தனை பண்ணுகிறான்: என்னோடிருந்து, சாப்பாடும் துணியும் கொடுத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டால், அப்போது கர்த்தர் எனக்குத் தேவனாயிருப்பார். பேரம்தான், ஆனாலும் ‘எனக்கு’ என்ற சொல் வந்துவிட்டது. இதை அற்பமாக நினைக்காதீர்கள். நம்மில் பலருடைய முதல் சொந்த ஜெபமே பரீட்சைக்காகவோ வேலைக்காகவோ போட்ட பேரமாகத்தான் இருக்கும்.

அப்புறம் 20 வருடம் தாய்மாமன் லாபானிடத்தில். ஏமாற்றினவன் ஏமாற்றப்படுகிறான். திரும்பி வரும்போது ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்ற செய்தி வருகிறது. ஆதியாகமம் 32-இல் இருக்கிற ஜெபத்தைப் படியுங்கள். ஆரம்பம் இன்னும் பழைய மாதிரியே, என் தகப்பனாகிய ஆபிரகாமின் தேவனே, என் தகப்பனாகிய ஈசாக்கின் தேவனே என்று. ஆனால் இரண்டு வசனம் தள்ளி வருகிறது: ஏசாவின் கைக்கு என்னைத் தப்புவியும், அவனுக்கு நான் பயந்திருக்கிறேன். பயந்திருக்கிறேன் என்கிறான். அந்த ஒரு வார்த்தைக்கு இவனுக்கு 20 வருடம் ஆனது.

அன்று இராத்திரி தேவனோடு போராட்டம். விடியற்காலையில் அவனிடம் கேட்கப்படுகிற கேள்வி, “உன் பேர் என்ன?” கேட்கிறவருக்குத் தெரியாதா? ஆனால் யாக்கோபுக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. நீ யார் என்று முன்பு ஒரு தடவை தகப்பன் கேட்டபோது, “நான் உமது மூத்த மகனாகிய ஏசா” என்றவன் அவன். இப்போது, “யாக்கோபு” என்கிறான். எத்தன் என்று அர்த்தம் சொல்லி ஏசா அழுத அதே பெயர். அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் இஸ்ரவேல் என்ற புதுப் பெயர் வருகிறது, கூடவே தொடை சுளுக்கி நொண்டுகிறதும் வருகிறது. பிறகு சீகேமுக்குப் பக்கத்தில் பலிபீடம் கட்டி அதற்கு இட்ட பெயரில், தேவனுடைய பெயரோடு தன் புதுப் பெயரையும் சேர்த்து வைக்கிறான். இஸ்ரவேலின் தேவனே தேவன் என்று அதற்கு அர்த்தம். உம்முடைய தேவன், என் தகப்பனுடைய தேவன், கடைசியில் என் தேவன்.

இதற்குப் பிறகு ஆபிரகாமும் ஈசாக்கும் அவனுக்குத் தேவையில்லாமல் போனார்களா? இல்லை. வயதான காலத்தில் எகிப்துக்குப் போகிற வழியில் பெயெர்செபாவில் நின்று, தன் தகப்பனாகிய ஈசாக்கின் தேவனுக்கே பலியிடுகிறான். இந்த முறை அந்தப் பெயரை எந்தப் பொய்க்கும் மறைப்பாக வைத்திருக்கவில்லை. ஆகவே ‘அப்பாவின் விசுவாசமா, என்னுடையதா’ என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. லோவிசாள், ஐனிக்கேயாள் என்று பாட்டியையும் அம்மாவையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்துவிட்டுத்தான் பவுல் தீமோத்தேயுவிடம், அது உனக்குள்ளும் நிலைத்திருக்கிறது என்கிறான்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். நான் எல்லாரிடமும் கேட்கிற ஒரே கேள்வி: கடவுளிடம் நீங்கள் கடைசியாகச் சொன்ன உண்மை என்ன? ஜெபத்தைக் கேட்கவில்லை. உண்மையைக் கேட்கிறேன். பொறாமையாக இருக்கிறது, போர் அடிக்கிறது, உம்மைப் பற்றி எனக்குச் சந்தேகம், அவனை என்னால் மன்னிக்க முடியாது, இந்தப் பழக்கத்தை விட எனக்கு மனதே இல்லை, இப்படி ஏதாவது. பெரும்பாலானவர்கள் யோசிக்கிறார்கள், யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவரைப் பற்றி ஆயிரம் வாக்கியம் தெரிந்திருக்கும், அவரிடம் சொன்னது ஒன்றுகூட நினைவுக்கு வராது.

23-ஆம் சங்கீதம் உங்களுக்கு மனப்பாடம்தானே, இப்போது மனதுக்குள் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், அவர் என்னை மேய்த்து, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி. மூன்று வசனம் முழுக்க ‘அவர்’. புல்லும் தண்ணீரும் இருக்கிற வரைக்கும் தாவீது அவரைப் பற்றிப் பேசுகிறான். நாலாவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது, அதே வசனத்துக்குள்ளேயே இலக்கணம் மாறிவிடுகிறது: “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.” அடுத்ததில், நீர் எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி. இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், எனக்கு இது கண்ணில் பட்டபோது முப்பது வயது தாண்டிவிட்டது. விசுவாசம் தனக்கு உரியதாகிறது என்பதற்கு இதைவிடச் சின்ன விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘அவர்’ என்பது ‘நீர்’ ஆகிறது. அதுவும் பள்ளத்தாக்கில்.

உங்களுக்கு ஜெப மொழி சரளமாக வரும் என்றால் அதுவே ஒரு இடைஞ்சலாக இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். தனியாக ஜெபிக்கும்போது மட்டும், சபையில் கேட்டுப் பழகிய எந்தச் சொற்றொடரும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். இரண்டு வாக்கியத்துக்குமேல் வராது. பரவாயில்லை, இரண்டோடு நிறுத்திவிட்டு எழுந்திருங்கள். எனக்கு முதல் நாள் வந்தது ஒரே வாக்கியம்: “உங்ககிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியல.” வெட்கமாக இருந்தது, பொதுவில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவன் நான். ஆனால் பல வருடங்களில் அதுதான் நான் அவரிடம் நேராகப் பேசின முதல் வாக்கியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கொஞ்ச நாள் கழித்து ‘நீர்’ என்ற பழைய சொல்லுக்கே நான் திரும்பி வந்தேன், அப்போது அதில் எடை இருந்தது.

கோபமாகவோ வறட்சியாகவோ இருந்தால்? அதையும் அவரிடமே சொல்லுங்கள். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமலே முடிந்துவிடுகிறது, ஆனால் ஆரம்பம் முதல் முடிவுவரை அவரை நோக்கியே பேசுகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

உணர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இறங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணீர் வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை என்ற அர்த்தத்தில் சொல்கிறீர்களா? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் கதை இந்த இடத்தில் எனக்கு எப்போதும் உதவும். குருவின் மகன், தானும் 1728-இல் குருவாக அபிஷேகம் பெற்றவர், ஒழுக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாதவர், மிஷனரியாக அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினவர். வழியில் புயல். ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள், அதே கப்பலில் வந்த, மொரேவியர் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவின் குடும்பங்கள் பாட்டை நிறுத்தவில்லை. உங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயப்படவில்லையா என்று பிறகு கேட்கிறார், சாவதற்கு அவர்கள் பயப்படுவதில்லை என்று பதில் வருகிறது. கரை இறங்கினதும், 1736 பிப்ரவரியில், ஸ்பாங்கன்பர்க் என்ற மொரேவியத் தலைவர் இவரிடம் கேட்கிறார், இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா? கேள்வி விசித்திரமாக இருந்ததால் வெஸ்லி கொஞ்சம் தயங்கி, அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்கிறார். உண்மைதான், உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா? எனக்காக மரித்திருப்பார் என்று நம்புகிறேன் என்று ஏதோ சமாளிக்கிறார். நான் சொன்னது வெறும் வார்த்தைகளோ என்று பயப்படுகிறேன் என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். உங்கள் கேள்வியை அவர் 1736-இல் குருவின் அங்கியோடு கேட்டிருக்கிறார்.

1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு அவ்வளவாக விருப்பமில்லாமல் போனார், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார், இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் முன்பு இருதயம் இதமாகச் சூடேறியதை உணர்ந்தேன் என்று எழுதுகிறார். இதை எல்லாரும் சொல்வார்கள். அவர் அங்கே அழுத்தி எழுதின இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: என் பாவங்களை, என்னுடையவற்றையே, எடுத்துப்போட்டார் என்று. சொந்தமானது அந்த ‘என்னுடைய’ என்ற சொல். சூடு அப்புறம் என்ன ஆனது? அன்று இரவே, சந்தோஷம் எங்கே, இது விசுவாசமாக இருக்க முடியாது என்ற எண்ணம் அவரைத் தாக்கியது, அதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார். உணர்வு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து அளக்காதீர்கள். பல வருடங்கள் உள்ளே இருட்டாகவே இருந்தும் காலையில் எழுந்து வேலைக்குப் போன பரிசுத்தவான்கள் உண்டு, 2007-இல் வெளியான அன்னை தெரேசாவின் கடிதங்கள் வெளிப்படையான சாட்சி.

அப்புறம், யோசித்தே இதைத் தீர்க்க முடியாது. யோவான் 7:17-இல் இயேசு சொல்கிற வரிசை விநோதமானது, தேவனுடைய சித்தத்தைச் செய்ய மனதுள்ளவன்தான் இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வான் என்கிறார். நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம், முதலில் நிச்சயம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று.

எனக்கு அந்த வரிசை புரிந்தது இப்படி. என்னோடு வேலை பார்த்த ஒருவர், இருவரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்தோம், பாராட்டு வந்தபோது அவருடைய பங்கை நான் மேலிடத்தில் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சும்மா இருந்துவிட்டேன், பெயர் எனக்கு வந்தது. அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற பகுதியை (மத்தேயு 5) நானே வாலிபர்களுக்குப் பாடமாக எடுத்தேன், வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. மறுநாள் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அமைதி. “இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க?” என்றார். “அப்பவே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது” என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார். கட்டிப்பிடித்து அழுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன், அது எனக்குச் செலவு வைத்தது. அன்று இரவு குடும்ப ஜெபத்தில் எல்லாரும் கர்த்தருடைய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் சோதனைக்குட்படப்பண்ணாமல் என்று போய்விட்டார்கள், நான் ஒரு வரி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பேசக் கற்ற நாளிலிருந்து சொல்லிவந்த வரி. ஒரு எழுத்தும் மாறவில்லை.

ஆகவே உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கட்டளை, செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிற ஒன்று, அது எது என்று உங்களுக்கே தெரியும், அங்கே ஆரம்பியுங்கள். புது வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

வேதம் வாசிப்பதைப் பற்றி ஒன்று மட்டும். அட்டவணை போட்டு வருடத்துக்கு ஒரு முறை முடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், பிறகு ஒரு சம்பவம் ஒரு நாள் என்று மெதுவாகப் போகலாம். பழைய மொழிபெயர்ப்பு காதுக்கு ரொம்பப் பழகியிருந்தால் வேறு மொழிபெயர்ப்பில் வாசியுங்கள், வாய் முந்திக்கொண்டு வசனத்தை முடிக்காது. வாசித்துவிட்டு, இது உண்மையானால் நாளைக்கு என் வாழ்க்கையில் எது மாற வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராத நாளும் இருக்கும்.

சாட்சியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எப்படியும் மனதில் இருக்கும். மற்றவர்கள் எழுந்து நின்று தேதி சொல்லி, குடியிலிருந்தும் கும்பலிலிருந்தும் விடுபட்டதைச் சொல்லும்போது, எனக்குச் சொல்ல ஒன்றுமில்லையே என்ற கூச்சம். தமஸ்கு சாலையில் ஒரே நாளில் வாழ்க்கை திரும்பியது பவுலுக்கு. தீமோத்தேயுவுக்கு அப்படி ஒரு தேதியை வேதம் சொல்லவே இல்லை. விடிந்திருக்கிறதா என்று பாருங்கள், எத்தனை மணிக்கு விடிந்தது என்று தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அதேபோல, தனக்கு உரியது என்றால் தனியாக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சபையை விட்டுவிட்டு நானும் என் ஆண்டவரும் மட்டும் என்று போனவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், கொஞ்ச நாளில் அவர்களுடைய ஆண்டவர் அவர்கள் சொல்வதையெல்லாம் ஆமோதிக்கிறவராக ஆகிவிடுகிறார். எங்கள் பிதாவே என்றுதான் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

சந்தேகம் இருந்தால் மறைக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். “இன்னும் ஜெபி” என்று சொன்ன போதகரிடமே திரும்பப் போய், “எனக்கு ஜெபம் ஓடுகிறது ஐயா, நான்தான் அதில் இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். ஒருவேளை அவருக்கும் அது தெரிந்த இடமாக இருக்கும். அவரால் கேட்க முடியாவிட்டால் வேறு ஒரு மூத்த விசுவாசியைத் தேடுங்கள், மேடையில் பேசுகிறவராக இருக்க வேண்டியதில்லை. எனக்கு உதவினது படுக்கையிலிருந்த அந்த அம்மாதான். மறுவாரம் தனியாகப் போய், அன்றைக்கு நான் ஜெபிக்கவே இல்லை அம்மா, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். “தெரியும்” என்றார். “இப்ப ஜெபி.” எனக்கு வார்த்தை வரவில்லை. அவரே ஜெபித்தார், என் பெயரைச் சொல்லி.

மாற்கை ஆரம்பித்து 10-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். அங்கே இயேசு ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார், உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று. முதலில், கூடவே நடந்துவந்த சீஷர்களான யாக்கோபிடமும் (முன்பு சொன்னவன் இல்லை) யோவானிடமும். அவர்கள் வலது பக்கமும் இடது பக்கமும் நாற்காலி கேட்கிறார்கள். அதே அதிகாரத்தில், வழியோரத்தில் உட்கார்ந்திருந்த குருடன் பர்திமேயுவிடம். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான், பார்த்ததில்லை. ஆண்டவரே, நான் பார்வையடைய வேண்டும் என்கிறான். உங்கள் பெயரைப் போட்டு அந்தக் கேள்வியை ஒரு தடவை வாசித்துவிட்டு, என்ன பதில் வருகிறதோ அதைச் சபைத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே அவரிடம் சொல்லுங்கள். நாற்காலிதான் வேண்டும் என்று மனது சொன்னால் அதையே சொல்லுங்கள். அந்த இருவரையும் அவர் துரத்திவிடவில்லை.